பேட்டையும் ஓரமும்: கம்பம் பள்ளத்தாக்கின் சாலை வரலாற்றில் ஒரு பக்கம்

தமிழில் ‘ஓரம்’ என்ற சொல்லுக்கு விளிம்பு என்றும் பொருள் உண்டு, ஒருபக்கம் சாய்தல் என்றும் பொருள் உண்டு. ஓரவஞ்சனை என்ற வழக்கு இரண்டாவது பொருளில் பிறந்தது. தேனி மாவட்டத்துச் சாலைகளில் இவ்விரு பொருள்களும் ஒரே இடத்தில் வந்து சேர்வதாக எங்களுக்குத் தோன்றுவதுண்டு. ‘வண்டிய ஓரமா நிறுத்துங்க’ என்று சொல்கிற காவலரே சற்றுத் தொலைவில் ‘ஓரத்துல நிறுத்தாதீங்க’ என்றும் சொல்ல வேண்டியிருக்கிறது. முதற்கட்டளை நடுச்சாலையைக் காக்கிறது. இரண்டாவது, நடந்து செல்பவரைக் காக்கிறது. அப்படியானால் வண்டி எங்கேதான் நிற்பது என்ற கேள்வி இரண்டுக்கும் நடுவில் விடையின்றி நிற்கிறது.

இக்கேள்வி மோட்டார் வாகனத்தோடு வந்ததன்று. மாட்டு வண்டிகளின் காலத்திலேயே எழுந்து, அதற்கொரு தெளிவான விடையும் சட்டப் புத்தகத்தில் ஏறிவிட்டது. அந்த விடையின் ஒரு பாதி இன்றும் நடைமுறையில் இருக்கிறது. மறுபாதியை நாம் மறந்துவிட்டோம். அந்த மறதியின் வரலாற்றைக் கம்பம் பள்ளத்தாக்கை முன்வைத்துச் சொல்லிப் பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

* * *

மேற்கே ஏலமலைத் தொடர். கிழக்கே மேகமலையும் வருசநாட்டு மலைகளும். நடுவே ஒடுங்கிய பசுமையான நிலம். கூடலூர், கம்பம், உத்தமபாளையம், சின்னமனூர், வீரபாண்டி, தேனி என்று ஊர்கள் ஒரே நூலில் கோத்த மணிகள் போல அமைந்திருக்கின்றன. அந்த நூல்தான் திண்டுக்கல்லிலிருந்து குமுளிக்குச் செல்லும் சாலை. பாண்டியர் செப்பேடுகளால் வரலாற்று மாணவர்கள் அனைவரும் அறிந்த சின்னமனூரும் இந்தச் சாலையின் மீதுதான் இருக்கிறது. தேனியில் நேரு சிலை அருகே மதுரைச் சாலை, பெரியகுளம் சாலை, கம்பம் சாலை மூன்றும் சந்திக்கின்றன. போடிக்குச் செல்லும் சாலை சற்றுத் தள்ளிப் பிரிந்து, போடிமெட்டு வழியாக மூணாறுக்கு ஏறுகிறது.

1895-இல் பெரியாற்று அணை திறக்கப்பட்டு, மேற்கே ஓடிய நீர் மலையைக் குடைந்து கிழக்கே திருப்பப்பட்டபோது இந்தப் பள்ளத்தாக்கின் வாழ்வு மாறியது. இங்கு 14,707 ஏக்கர் இருபோக நிலம் என்பது விவசாயிகள் நாவில் மனப்பாடமாக இருக்கும் கணக்கு. நீர் வந்தால் நெல் வரும்; நெல் வந்தால் வண்டி வரும். மலைமீது தேயிலையும் ஏலமும் பெருகியதும் அதே காலத்தில்தான். மூணாறுத் தேயிலைப் பெட்டிகள் டாப் ஸ்டேஷனிலிருந்து கம்பிவடத்தில் கொட்டகுடிக்கு இறங்கி, அங்கிருந்து மாட்டு வண்டிகளில் சுமார் 15 கி.மீ. கடந்து போடிநாயக்கனூரை அடைந்தன. இலண்டன் சந்தைக்குப் போன தேயிலை, கடலைக் காணுமுன் போடிக் காளைகளின் கழுத்து மணியோசையைக் கேட்டிருக்கிறது.

இத்தனை வண்டிகளும் எங்கே நின்றன? காளைக்குத் தண்ணீர் வேண்டும், வைக்கோல் வேண்டும், நுகத்திலிருந்து விடுதலை வேண்டும். இரவில் வண்டிக்காரனுக்கு அடுப்பு மூட்ட மூன்று கல் வேண்டும். மோட்டார் வாகனத்தை நிறுத்திவிட்டுப் போய்விடலாம். மாட்டு வண்டியை அவிழ்த்துப் போட வேண்டும். ‘வண்டியை அவிழ்த்துப் போடுதல்’ என்ற வழக்கே அதற்கு ஓர் இடம் தேவை என்பதைச் சொல்லிவிடுகிறது. அந்த இடத்தின் பெயர் பேட்டை.

* * *

பேட்டை என்ற சொல் தமிழகத்து ஊர்ப்பெயர்களில் நீக்கமற நிறைந்திருக்கிறது. ஊருக்கு வெளியே அமைந்த வணிகக் குடியிருப்பு என்பது அதன் பொதுப்பொருள். தென்மாவட்டங்களில் அதற்குக் கூடுதலான ஒரு வரலாறும் உண்டு. பத்தொன்பதாம் நூற்றாண்டில் சிவகாசி, விருதுநகர், திருமங்கலம், அருப்புக்கோட்டை முதலிய ஊர்களில் வணிகம் செய்த நாடார்கள், சரக்குக்கும் வண்டிக்கும் மாட்டுக்கும் பாதுகாப்பாக மதில் சூழ்ந்த பேட்டைகளை அமைத்தார்கள். அங்கு வந்திறங்கும் சரக்கின் மீது ‘மகமை’ என்ற பொதுநிதி வசூலிக்கப்பட்டது. உறவின்முறை அந்த நிதியைக் கொண்டு கிணறு, கோவில், பள்ளி என்று கட்டியது. ராபர்ட் ஹார்ட்கிரேவ் 1969-இல் வெளியிட்ட ஆய்வு நூல் இதை விரிவாகப் பதிவு செய்திருக்கிறது. தேனியில் இன்று கல்வி நிறுவனங்களை நடத்திவரும் உறவின்முறையின் பெயரிலேயே ‘மேலப்பேட்டை’ ஒட்டிக்கொண்டிருப்பதை இவ்விடத்தில் நினைவுகூரலாம்.

இதில் நாம் கவனிக்கவேண்டியது ஒன்றுதான். வண்டி நிற்கும் இடம் என்பது அன்றைய வணிகத்தின் புறச்செலவாகக் கருதப்படவில்லை. வணிகத்தின் முதல் முதலீடாகவே கருதப்பட்டது. கடை கட்டும் முன் பேட்டை கட்டினார்கள்.

சாலையோரத்துக்கு அக்காலத்தில் வேறு வேலைகள் இருந்தன. தலைச்சுமையோடு நடப்பவர் பிறர் உதவியின்றிச் சுமையை இறக்கி வைக்கச் சுமைதாங்கிக் கற்கள், தண்ணீர்ப் பந்தல், நிழலுக்குப் புளியமரம். இராணி மங்கம்மாளின் பெயரை மதுரைச் சீமை இன்றும் சாலைகளோடும் சத்திரங்களோடும் சேர்த்தே நினைக்கிறது. புளியமரங்களின் காய்ப்பு ஆண்டுதோறும் ஏலம் விடப்பட்டு அரசுக்கும் உள்ளாட்சிக்கும் வருமானமாகியது. சாலை சந்திக்கும் இடத்தில் நிற்கும் ஒரு மரத்தைச் சுற்றி ஓர் ஊரே எப்படி மாறுகிறது என்பதைச் சுந்தர ராமசாமி 1966-இல் ஒரு நாவலாகவே எழுதினார். ஓரம் என்பது நடப்பவனுக்கும் மரத்துக்கும் உரியது. வண்டிக்கு உரியது பேட்டை. இந்தப் பங்கீடு எழுதப்படாமலேயே வழக்கில் இருந்தது என்று சொல்லலாம்.

* * *

எழுதப்பட்ட சட்டம் வந்தபோது அது தண்டத்திலிருந்து தொடங்கியது. 1860-ஆம் ஆண்டின் இந்திய தண்டனைச் சட்டம், பொதுவழியில் இடையூறு விளைவிப்போருக்கு 283-ஆம் பிரிவில் 200 ரூபாய் வரை அபராதம் விதித்தது. அன்றைக்கு ஒரு வண்டிக்காரன் கனவிலும் காணமுடியாத தொகை அது. 2024 ஜூலையில் பாரதிய நியாய சன்ஹிதா நடைமுறைக்கு வந்து, அதன் 285-ஆம் பிரிவு தொகையை 5,000 ரூபாயாக்கும் வரை, 160 ஆண்டுகளுக்கும் மேலாக அந்த 200 அசையாமல் நின்றது. சட்டப் புத்தகத்தில் நீண்டகாலம் ‘நிறுத்தி’ வைக்கப்பட்ட பொருள்களில் அதுவும் ஒன்று.

சென்னை மாகாணத்துக்கென 1889-இல் நகரத் தொல்லைகள் சட்டம் வந்தது. தெருவை அடைத்தல், கால்நடைகளையும் வண்டிகளையும் போக்குவரத்துக்கு இடைஞ்சலாக விட்டுவைத்தல் போன்றவற்றை அது குற்றங்களாக்கியது. இவை யாவும் ‘செய்யாதே’ என்ற வகையைச் சேர்ந்தவை.

1920-ஆம் ஆண்டின் சென்னை மாவட்ட நகராட்சிகள் சட்டத்தில்தான் அந்தத் தெளிவான விடை வருகிறது. நகராட்சி மன்றம் பொதுவான தங்குமிடங்களையும் வண்டிப்பேட்டைகளையும் அமைத்துக் கட்டணம் வசூலிக்கலாம். அப்படி ஒரு பேட்டையை அமைத்த பின், மன்றம் வரையறுக்கும் தொலைவுக்குள், பொது இடங்களையும் தெருவின் ஓரங்களையும் அதே காரியத்துக்குப் பயன்படுத்துவதைத் தடை செய்யலாம். தனியார் பேட்டை நடத்த உரிமம் பெறவேண்டும். இதுவே அதன் சாரம்.

இந்த ஏற்பாட்டின் வரிசை முறையைக் கூர்ந்து பார்க்கவேண்டும். ஓரத்தில் நிறுத்தாதே என்று சொல்லும் அதிகாரம் முதலில் வருவதில்லை. பேட்டை அமைத்த பிறகே அது பிறக்கிறது. அதுவும் பேட்டையிலிருந்து ஒரு குறிப்பிட்ட தொலைவுக்குள் மட்டுமே செல்லுபடியாகிறது. கொடுத்துவிட்டுத்தான் தடுக்க முடியும். காலனிய அரசின் சட்டத்தில் இவ்வளவு நியாயமான தர்க்கம் இருப்பது வியப்பளிக்கலாம். அது காலனியப் பெருந்தன்மையிலிருந்து வந்ததாக நாங்கள் நினைக்கவில்லை. பேட்டைக் கட்டணம் அன்றைய உள்ளூர் மன்றங்களுக்கு நிலையான வருவாய். ஓரத்தில் இலவசமாக நிற்க விட்டால் பேட்டைக்குள் எவன் காசு கொடுத்து நுழைவான்? வருவாயைக் காக்க வந்த பிரிவு, தற்செயலாக நீதியையும் காத்தது.

இதே வாசகத்தின் வழித்தோன்றலை 1994-ஆம் ஆண்டின் தமிழ்நாடு ஊராட்சிகள் சட்டத்திலும் காணலாம். அங்கே வண்டிப்பேட்டை என்பது மோட்டார் வாகனம் உட்பட எவ்வகை வாகனத்துக்குமான நிறுத்துமிடத்தையும் உள்ளடக்கும் என்று விளக்கம் தரப்பட்டிருக்கிறது. ஆக, கம்பம் பள்ளத்தாக்கின் எந்தச் சிற்றூராட்சியும் லாரிக்கும் ஜீப்புக்கும் ‘வண்டிப்பேட்டை’ அமைக்கச் சட்டம் இடம் தருகிறது. மாடுகள் போய்விட்டன, பேட்டை சட்டத்தில் இன்னும் இருக்கிறது.

* * *

பிறகு என்ன நடந்தது? இரண்டு போக்குகளைச் சுட்டலாம்.

முதலாவது, பணம் இடம்மாறியது. மோட்டார் வாகனங்கள் பெருகத் தொடங்கியபோது உள்ளூர் மன்றங்கள் சாலைச் சுங்கம் வசூலித்துவந்தன. 1931-ஆம் ஆண்டின் சென்னை மோட்டார் வாகன வரிச் சட்டம் அந்த வரி உரிமையை மாகாண அரசிடம் கொண்டுசென்று, உள்ளாட்சிகளுக்கு ஈட்டுத்தொகை என்ற ஏற்பாட்டைச் செய்தது. சுதந்திர இந்தியாவின் அரசியலமைப்பும் வாகன வரியை மாநிலப் பட்டியலில் வைத்தது. வண்டி வாங்கும்போது வரி மாநிலத்துக்குப் போகிறது. வாங்கிய வண்டி நிற்பதோ நகராட்சித் தெருவில். அந்தத் தெருவில் அதற்கு இடம் தேடித்தரும் கடமை யாருடையது என்பது மங்கிப்போனது.

இரண்டாவது, அதிகாரம் இடம்மாறியது. 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டமும், அதன் இடத்தில் வந்த 1988-ஆம் ஆண்டின் சட்டமும் நிறுத்துமிடங்களைத் தீர்மானிக்கும் அதிகாரத்தை மாநில அரசிடமோ அது நியமிக்கும் அதிகாரியிடமோ அளித்தன. 1988 சட்டத்தின் 117-ஆம் பிரிவின்படி உள்ளாட்சியைக் கலந்தாலோசிக்க வேண்டும், முடிவெடுப்பவர் வேறொருவர். அந்தச் சட்டத்தின் கீழ் 1989-இல் வந்த சாலை விதிகளும், அவற்றுக்குப் பதிலாக 2017-இல் வந்த வாகனம் ஓட்டும் ஒழுங்குமுறைகளும் நடைபாதையில் வண்டி நிறுத்துவதை நாடு முழுவதற்குமாகத் தடை செய்கின்றன. இடையூறாக வாகனத்தை விட்டுவைப்பதற்கு 201-ஆம் பிரிவில் மணிக்கு 50 ரூபாய் வரை என்றிருந்த தண்டம் 2019 திருத்தத்தில் 500 ரூபாயாயிற்று. தடை நாடளாவியதாகியது. ‘முதலில் பேட்டை’ என்ற நிபந்தனை அதில் இல்லை.

பல ஊர்களில் பழைய வண்டிப்பேட்டை நிலங்கள் பேருந்து நிலையமாகவோ வணிக வளாகமாகவோ மாறிவிட்டன. பேருந்துக்கு இடம் தேவைதான். ஆனால் சரக்கு வண்டியும் வாடகை வண்டியும் இழந்த பேட்டைக்கு மாற்று கிடைக்கவில்லை. அவை ஓரத்துக்கு வந்தன.

* * *

கம்பம் பள்ளத்தாக்கில் இந்த நெருக்கடி ஏன் கூடுதலாக உறைக்கிறது என்பதற்குத் தனிக் காரணங்கள் உண்டு.

மதுரை–போடி இரயில் பாதை 1928-இல் திறக்கப்பட்டது. இரண்டாம் உலகப் போரின்போது தண்டவாளங்களைப் பெயர்த்தெடுத்துப் போனார்கள். போருக்குப் பின் ஐம்பதுகளில் மீண்டும் ஓடியது. அகலப்பாதைப் பணிக்காக 2010 டிசம்பர் 31-உடன் நின்ற இரயில், தேனிக்குத் திரும்பிவந்தது 2022 மே 26 அன்றுதான். போடிக்கு 2023 ஜூனில். பதினோரு ஆண்டுகளுக்கும் மேலாக ஒரு மாவட்டம் இரயிலே இல்லாமல் இருந்தது. வாகனப் பெருக்கத்தின் உச்சமான அந்த ஆண்டுகளில், மாவட்டத்தின் அத்தனை பயணமும் அத்தனை சரக்கும் அந்த ஒற்றைச் சாலையின் மீதே விழுந்தன.

அடுத்தது ஜீப்புகள். கம்பம், உத்தமபாளையம், தேவாரம், போடிப் பகுதிகளிலிருந்து ஏலத்தோட்டங்களுக்கு ஆயிரக்கணக்கான தொழிலாளர்கள், பெரும்பாலும் பெண்கள், நாள்தோறும் கம்பம்மெட்டு வழியாகவும் போடிமெட்டு வழியாகவும் இடுக்கி மாவட்டத்துக்கு ஏறுகிறார்கள். விடியுமுன் தூக்குச்சட்டியோடு அவர்கள் காத்து நிற்பது சாலையோரத்தில். அவர்களை ஏற்றும் ஜீப் நிற்பதும் சாலையோரத்தில். பள்ளத்தாக்கின் பொருளாதாரம் தினமும் தொடங்கும் அந்த இடத்துக்கு ஒரு கூரையோ பெயரோ கிடையாது. திராட்சைத் தோட்டத்து வாசலில் லாரி, வாரச்சந்தை நாளில் வேன், ஏலக்காய் மூட்டையோடு சிற்றுந்து என்று ஒவ்வொன்றும் தனக்கான ஓரத்தைத் தேடுகிறது.

இவற்றைவிட முக்கியமான ஒன்று உண்டு. சட்டம் ‘நடைபாதை’ என்கிறது. உயர்த்திக் கட்டிய, விளிம்புக்கல் பதித்த பாதையே அச்சொல் நம் மனத்தில் எழுப்பும் சித்திரம். ஊர்களுக்கிடையே இந்தச் சாலையில் பெரும்பாலும் இருப்பது தாரை விட்டிறங்கிய மண் ஓரம்தான். பள்ளிப் பிள்ளைகள் நடப்பதும், வீரபாண்டிக் கௌமாரியம்மன் சித்திரைத் திருவிழாவுக்கு அக்கினிச்சட்டியோடு பக்தர்கள் நடப்பதும் அதன் மீதுதான். அங்கே ஒரு லாரி நின்றால் நடைபாதையில் நின்றதாகச் சட்டக்கண் கருதாது போகலாம். அந்த லாரியைச் சுற்றிப் போக நடப்பவர் தாருக்கு ஏறத்தான் வேண்டும். பின்னால் வரும் வண்டிக்கு அவர் அங்கே இருப்பது கடைசி நொடியில்தான் தெரியும். ஓரம் பறிபோவதன் விலை அந்த நொடியில் இருக்கிறது. அபராதச் சீட்டில் அதைக் கணக்கிட முடியாது.

* * *

இந்நிலை நமக்கு மட்டும் நேர்ந்ததன்று. இங்கிலாந்தின் 1835-ஆம் ஆண்டு நெடுஞ்சாலைச் சட்டமே நடைபாதை மீது வண்டி ஓட்டுவதைக் குற்றமாக்கியது. ஆனால் ஓட்டாமல் நிறுத்தி வைப்பதை என்ன செய்வது என்பதில் நெடுங்காலம் குழப்பம் நீடித்தது. இலண்டனுக்கென ஒரு பொதுத் தடை 1974-இல் வந்தது. ஸ்காட்லாந்து 2019-இல் சட்டமியற்றி, 2023 டிசம்பரிலிருந்து உள்ளாட்சிகள் அதை அமல்படுத்த வழி செய்தது. ஜப்பான் வேறு திசையில் சென்றது. 1962-இல் இயற்றிய சட்டத்தின் மூலம், கார் வாங்குபவர் அதை நிறுத்தத் தமக்கு இடம் உண்டென்று நிரூபிக்க வேண்டும் என்றாக்கியது; சாலையையே நிறுத்துமிடமாக்குவதைத் தடுத்தது. கடைக்கு முன் பேட்டை கட்டிய நம் வணிகர்களின் தர்க்கத்துக்கு அது மிக நெருக்கமானது.

இந்தியாவில் நடைபாதை குறித்த பெரிய வழக்குகள் வண்டிகளைப் பற்றியவை அல்ல, மனிதர்களைப் பற்றியவை. 1985-இல் ஓல்கா டெல்லிஸ் வழக்கில் நடைபாதைவாசிகளின் வாழ்வுரிமை பேசப்பட்டது. நடைபாதை நடப்பதற்கே என்பதும் அதிலேயே சொல்லப்பட்டது. 1989-இல் சோதன் சிங் வழக்கில் தெருவோர வணிகம் தொழில் உரிமையின் பாற்பட்டதென ஏற்கப்பட்டது. 2014-இல் தெரு வியாபாரிகளுக்கான சட்டம் வந்தது. 2025 மே மாதத்தில் உச்ச நீதிமன்றம், தடையற்ற நடைபாதை அரசியலமைப்பின் 21-ஆம் பிரிவு தரும் வாழ்வுரிமையின் பகுதி என்று கூறியது. வீடற்றவரும் வியாபாரியும் நடப்பவரும் நீதிமன்றத்தின் வழியே ஓரத்தின் மீது தத்தம் உரிமையை நிறுவிக்கொண்டார்கள். நிறுத்திவைத்த வாகனம் எந்த உரிமையையும் வாதிடாமலேயே அவர்கள் மூவரையும்விட அதிக இடத்தைப் பிடித்துக்கொண்டது. ஆக்கிரமிப்பு அகற்றும் நாளில் தள்ளுவண்டி போகிறது. மறுநாள் அதே இடத்தில் கார் நிற்கிறது. ஓரவஞ்சனை என்று முதலில் குறிப்பிட்டது இதைத்தான்.

* * *

பழைய விடை இன்றும் செல்லுபடியாகும் என்பதற்குச் சான்று பள்ளத்தாக்கிலேயே இருக்கிறது. கார்த்திகை, மார்கழியில் ஐயப்ப பக்தர்களின் வாகனங்கள் பெருகும்போது, சபரிமலைக்குச் செல்பவை கம்பம்மெட்டு வழியாகவும் திரும்புபவை குமுளி வழியாகவும் விடப்படுகின்றன. ஒரு வழி அடைக்கப்படும்போது மறுவழி காட்டப்படுகிறது. அதனால்தான் வெளிமாநில ஓட்டுநர்கள்கூட அதற்குக் கட்டுப்படுகிறார்கள். தேனியில் நகருக்குள் காமராசர் பெயரிலான பேருந்து நிலையத்துக்குத் துணையாக, நகரின் நெரிசலுக்கு வெளியே கர்னல் பென்னிகுயிக் பெயரில் ஒரு பேருந்து நிலையம் எழுந்ததும் இதே தர்க்கத்தின் பாற்பட்டது. பேருந்துக்குப் பேட்டை கிடைத்தது. ஜீப்புக்கும் லாரிக்கும் கிடைக்கவில்லை.

1920-ஆம் ஆண்டுச் சட்டம் விடைபெற்றுவிட்டது; 2023 ஏப்ரல் முதல் நகரங்களை ஆள்வது தமிழ்நாடு நகர்ப்புற உள்ளாட்சி அமைப்புகள் சட்டம். சட்டத்தின் பெயர் எதுவாயினும், அந்தப் பழைய பிரிவின் வரிசை முறையை மீட்பதற்குத் தடையேதும் இருப்பதாகத் தெரியவில்லை. ஏலத்தோட்டத் தொழிலாளர் ஜீப்புகளுக்குக் கம்பத்திலும் போடியிலும் விளக்கும் குடிநீரும் கழிப்பறையும் உள்ள ஒரு பேட்டை. சரக்கு லாரிகளுக்கு ஊருக்கு வெளியே ஒன்று. அவற்றிலிருந்து இத்தனை தொலைவுக்கு ஓரத்தில் நிற்கக் கூடாது என்ற தெளிவான எல்லை. அந்த எல்லைக்குள் மண் ஓரத்தையும் நடைபாதையாகவே கருதவேண்டும். அதன் பின் விதிக்கும் அபராதம் 500 ஆனாலும் 5,000 ஆனாலும் அதை அநியாயம் என்று எவரும் சொல்ல மாட்டார்கள்.

மாட்டுக்காகப் பேட்டை கட்டியவர்கள் அதைக் கருணையால் மட்டும் செய்யவில்லை. களைத்த மாடு மறுநாள் வண்டி இழுக்காது என்பதை அறிந்திருந்தார்கள். இன்றைய வண்டி களைப்பதில்லை. ஓரத்தில் காத்து நிற்கும் பெண்ணும், ஓரமாக நடந்து போகும் பிள்ளையும் களைப்பார்கள். அவர்களுக்கான ஓரத்தைத் திருப்பித் தருவதற்கு முதற்படி, வண்டிக்கான பேட்டையைத் திருப்பித் தருவதுதான்.